மகசூல் மதிப்பீடும் மாதிரி வயலும்

“இவ்வருஷம் விளைவு எப்படி?” என்று வினவினால், தலைமடைக் குடியானவர் ஒரு விதமாகவும் கடைமடைக் குடியானவர் வேறு விதமாகவும் விடை கூறுவது எவ்வூரிலும் காணப்படும் வழக்கமாகும். இருவரும் பொய்யுரைப்பவரல்லர், அவரவர் தத்தம் வயலில் கண்டதையே கூறுகின்றனர். ஆயினும், ஊர் முழுவதற்குமான மகசூலை அறிய அவ்விடைகள் போதா. விவரங்களை ஒழுங்காகத் திரட்டி, அவற்றினின்று முழுமையின் நிலையைக் கணிக்கும் முறைக்கே புள்ளியியல் என்று பெயர்.

ஓரிடத்து அளவைக் கொண்டு பல இடங்களைத் தீர்மானிக்கலாகாது என்பதற்குத் தாம்பரம் சுற்றுப்புறத்தார் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவாயிற்று. இந்நான்கின் சராசரி 40 செ.மீ. ஆகும். ஆனால் நான்கிடங்களில் ஒன்றிலேனும் 40 செ.மீ. பெய்யவில்லை. ஆகவே, சராசரி பயனுள்ளதேயாயினும், அதனோடு மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் சேர்த்துக் கவனித்தாலன்றி உண்மை விளங்காது.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பர் பெரியோர். பானையில் நீர் கொதித்து அரிசியைப் புரட்டுவதால் எந்தச் சோற்றை எடுத்தாலும் பதம் தெரிகிறது. வயல்களோ அவ்விதம் கலக்கப்பட்டவையல்ல. மதகை அடுத்த வயலுக்கும் கடைக்கோடி வயலுக்கும் நீரும் மண்ணும் வேறு. ஆகையால், எந்த வயலை மாதிரியாக எடுப்பது என்பதே இங்கு முதன்மையான கேள்வியாகும்.

முற்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் பயிரைக் கண்ணால் பார்த்து, இத்தனை அணா விளைவு என்று மதிப்பிட்டு வந்தனர். அளப்பவர் மாறினால் அணாவும் மாறிற்று. பிற்காலத்தில் ஒரிஸா கவர்னராக விளங்கிய ஹப்பக் என்பவர், 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிஸா பிரதேசத்தில் குறிப்பின்றித் தெரிந்தெடுத்த சிறு பாத்திகளை அறுத்து நெல் மகசூலைக் கணித்தார். பின்னர், 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் என்பவரும், விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த சுகாத்மே என்பவரும் இம்முறையை விருத்தி செய்தனர். பாத்தி மிகச் சிறியதானால் ஓரத்துப் பயிர்களும் உள்ளே சேர்க்கப்பட்டு, மகசூல் உள்ளதைவிட மிகையாகத் தோன்றும் என்று சுகாத்மே எடுத்துக்காட்டினார்.

இந்நாளில் நெற்பயிருக்கு வழங்கும் அறுவடைப் பரிசோதனை வருமாறு: பயிரிட்ட சர்வே எண்களின் பட்டியலிலிருந்து, சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையில் சில எண்கள் எடுக்கப்படும். அவ்வயலிலும் பாத்தியின் இடம் அவ்விதமே தீர்மானிக்கப்படும். நீளமும் அகலமும் 5 மீட்டர் உள்ள சதுரம் கயிறு கட்டிக் குறிக்கப்பட்டு, அதனுட்பட்ட பயிர் மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்கப்படும். ஈரத்திற்கு உரிய கழிவும் கணக்கிடப்படும். இப்பாத்தி ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. ஆதலால் தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும்.

உதாரணமாக, ஓர் ஊரில் ஐந்து பாத்திகளில் முறையே 14, 13, 12, 7, 4 கிலோ நெல் கிடைத்ததெனக் கொள்வோம். சராசரி 10 கிலோ. அதாவது ஹெக்டேருக்கு 4,000 கிலோ. சாலையோரத்தில் செழித்து நிற்கும் முதல் மூன்று வயல்களை மட்டும் அறுத்திருந்தாலோ, சராசரி 13 கிலோ; ஹெக்டேருக்கு 5,200 கிலோவாகிவிடும்.

இவ்வேற்றுமை காகிதத்தோடு நிற்பதன்று. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நிர்ணயித்த மகசூலுக்குக் குறைந்த அளவை ஒட்டியே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. நிர்ணய மகசூல் 4,500 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 45,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், உண்மைக் கணக்கின்படி குறைவு 500 கிலோ. இழப்பீடு 5,000 ரூபாய். சாலையோரக் கணக்கின்படி ஒரு காசும் இல்லை. கடைமடைக் குடியானவரின் நஷ்டம் ஏட்டில் ஏறாமலே போய்விடும்.

இதற்கு மாறாக, நலிந்த வயல்களையே காட்டி அதிக இழப்பீடு பெற நினைப்பதும் கேடேயாம். நிர்ணய மகசூல் முந்திய வருஷங்களின் விளைவைக் கொண்டே கணிக்கப்படுவதால், குறைத்துக் காட்டும் வழக்கம் நீடித்தால் அதுவும் தாழ்ந்து, மெய்யான பஞ்ச காலத்தில் ஊராருக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமற் போகும்.

கிராம நிர்வாக அலுவலர் கவனிக்கவேண்டியது பிறிதொன்றுண்டு. தாம்பரத்தை அடுத்த ஊர்களில் ஏரிப் பாசன நிலங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. அடங்கலில் நெல் என்று எழுதியிருந்து, நேரில் சென்றால் கட்டிடம் நிற்குமாயின், அப்பட்டியலிலிருந்து எடுக்கும் மாதிரி பழுதுபட்டதாகும். ஆகையால், பருவந்தோறும் நிலத்தை நேரில் பார்வையிட்டு அடங்கலை எழுதுதல் இன்றியமையாதது. குலுக்கலில் வந்த எண்ணில் பயிரில்லையெனில், விதியில் கூறியவாறே மாற்று எண்ணை எடுக்கவேண்டுமேயன்றி, பக்கத்தில் வசதியாயிருக்கும் வயலைக் கொள்ளலாகாது.

நிலச்சுவான்தார்கள் பரிசோதனை நாளை முன்னரே விசாரித்தறிந்து, அறுவடையின்போது உடனிருந்து, கயிறு கட்டுவதையும் நிறுப்பதையும் கவனிப்பது நலம். குலுக்கலில் வந்த வயலைப் பரிசோதனைக்கு முன் அறுத்துவிடாமலிருப்பதும் அவர்கள் கடமையாம். தம் வயல் நன்கு விளைந்தவரும் விளையாதவரும் ஒருங்கே நின்று, வந்த எடையை வந்தவாறே எழுதச் செய்வார்களாயின், அவ்வெடை ஊர் முழுவதற்கும் சாட்சியாக நிற்கும்.