தனித்து மலையேறுதலும் தேகப்பயிற்சியும்

தேகப்பயிற்சி என்றவுடன் பந்தாட்டமும் ஓட்டப் பந்தயமுமே மாணாக்கர் நினைவிற்கு வருகின்றன. இவை பிறரோடு பொருதும் பயிற்சிகள். ஒருவன் தன் தேகவலிமையைத் தானே அளந்தறிந்து அதனைப் படிப்படியாகப் பெருக்கிக்கொள்ளுதற்குச் செங்குத்தான மலைப்பாதையில் தனித்து ஏறுதல் மிகச் சிறந்ததொரு பயிற்சியாகும். அதன் இயல்பையும் பயனையும் இடர்களையும், நம் இலங்கையிலுள்ள சிவனொளிபாத மலையை உதாரணமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மத்திய மலைநாட்டின் தென்மேற்கோரத்தில் 2,243 மீட்டர், அஃதாவது 7,359 அடி, உயர்ந்து நிற்பது இம்மலை. இதன் சிகரத்திலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தபிரானுடையதென்றும், சைவர் சிவபெருமானுடையதென்றும், இஸ்லாமியர் ஆதாமுடையதென்றும், கிறிஸ்தவருட் சிலர் தோமா அப்போஸ்தலருடையதென்றும் போற்றுவர். 1344ஆம் ஆண்டில் இதன்மீதேறிய இப்னு பதூதா என்னும் யாத்திரிகர், ஏறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைக் குறித்து எழுதியிருக்கின்றார். இக்காலத்தில் பெரும்பாலார் மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணியிலிருந்து ஏறுகின்றனர். அப்பாதையில் ஏறக்குறைய 5,500 படிகள் உள. சுமார் நான்கு மைல் தூரத்துள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரவேண்டும்.

மலையேற்றத்திற்கு வேண்டிய காலத்தைக் கணித்தற்கு ஸ்கொத்லாந்து தேசத்தவராகிய நெய்ஸ்மித் என்பார் 1892இல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரமும், அதன்மேல் 2,000 அடி ஏற்றத்திற்கு ஒரு மணி நேரமும் கொள்க என்பதே அது. இவ்விதிப்படி, சமநிலத்தில் ஒரு மணி இருபது நிமிஷத்தில் நடக்கத்தக்க இத்தூரம், ஏற்றத்தினால் மூன்று மணி நேரமாகின்றது. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் தம் உடலை 1,000 மீட்டர் உயர்த்துதற்குச் செய்யும் வேலை மாத்திரம் சுமார் 140 கிலோ கலோரியாகும். தசைகளோ தாம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கையே வேலையாக மாற்றவல்லன. எஞ்சியது வெப்பமாய்க் கழிகின்றது. ஆகவே உண்மைச் செலவு 560 கிலோ கலோரிக்குக் குறையாது. இவ்வேலை முழுவதற்கும் வேண்டிய பிராணவாயுவைத் தசைகளுக்கு ஊட்டுமாறு இருதயமும் சுவாசப்பையும் இடைவிடாது உழைக்கின்றன. இவ்வுழைப்பை முறையாகச் செய்துவரின் அவை உறுதி பெறும்.

இனித் தனித்தேறுதலின் பயன் யாதெனில், நடையின் வேகத்தை நம் சுவாசமே நிர்ணயித்தலாம். கூட்டமாய்ச் செல்வோருள் வலியவன் காலுக்கு மெலியவன் இருதயம் ஈடுகொடுக்க நேர்கின்றது. பின்தங்குதற்கு நாணி நெஞ்சு நோவையும் மறைப்பாருளர். தனித்துச் செல்வோனுக்கு அந்நாணம் இல்லை. அவன் தான் அறிந்த ஒரு செபத்தையோ தேவாரத்தையோ வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பானாக. சொல்ல இயன்று பாட இயலாதாயின் முயற்சி நடுத்தரமானது. இரண்டொரு சொல்லுக்கு மேல் மூச்சு நில்லாதாயின் மிகக் கடியது. அப்பொழுது நடையைக் குறைத்தல் வேண்டும்.

ஏறுதலே கடினம், இறங்குதல் எளிது என்று எண்ணுவது தவறு. இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. இதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோவு மிகும். இதற்கு மருந்து முன்பயிற்சியே. சிறிதளவு இறங்கிப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு நோவதில்லை.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் முன்பயிற்சி எங்ஙனம் கூடும் எனின், நம் கல்லூரிப் படிக்கட்டுகளே போதும். ஆறு மீட்டர் உயரமுள்ள மாடிப்படியை இருபது முறை ஏறியிறங்கின் 120 மீட்டர் ஏறியவராவோம். இது நல்லதண்ணிப் பாதை ஏற்றத்தில் எட்டிலொரு பங்கு. ஐந்து முறையில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வரை நடுத்தர முயற்சியுள்ள பயிற்சி செய்தல் நன்றென 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நாடோறும் அரைமணிநேரம் இதற்கு ஒதுக்குதல் எவருக்கும் அரிதன்று.

தனிமை என்பது யாரும் அறியாமற் செல்லுதலன்று. புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லியே செல்லல் வேண்டும். மார்கழிப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் பாதையெங்கும் விளக்கும், தேநீர்க் கடையும், யாத்திரிகர் கூட்டமும் இருக்கும். தன் நடையைத் தானே வகுத்துக்கொள்ளவும், இடர் நேரின் உதவி பெறவும் ஏற்ற காலம் அதுவே. ஏனைய மாதங்களில் மழையும் அட்டையும் மிகுதி. அப்பொழுது தனியே செல்லுதல் துணிவன்று, பேதைமையாகும். 1,000 மீட்டர் ஏறின் வெப்பம் சுமார் 6 பாகை குறையுமாதலின், வியர்வையால் நனைந்த சட்டையை மாற்ற உலர்ந்த சட்டையொன்றும் கம்பளி ஆடையொன்றும் கொண்டு செல்க. இருதய நோயுள்ளாரும், குடும்பத்தில் இளமையில் இருதய நோயால் இறந்தார் உடையாரும் வைத்தியரைக் கேளாது ஏறற்க. மார்பில் இறுக்கமோ, கையிலும் தாடையிலும் பரவும் நோவோ, தலைச்சுற்றோ தோன்றின் உடனே நின்று, அருகிருப்போரிடம் சொல்லி உதவி கேட்க வேண்டும்.

சிகரத்தை அடைதல் மகிழ்ச்சியே. ஆயினும் பயிற்சியின் பயன் ஏறிய உயரத்தில் மட்டும் அடங்குவதன்று. சிகரத்திற்கு நூறு படி கீழே தன் உடலின் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்துத் திரும்பியவனும் பயிற்சியில் தேறியவனே. மலை அங்கேயே நிற்கும். உடலைக் காத்துக்கொண்டவன் மறு ஆண்டும் ஏறலாம். மாணாக்கர் இதனை மனத்திற் கொண்டு, இன்றே மாடிப்படியில் தொடங்குவாராக.