மழலையர் ஆசிரியர்க்கு வேண்டும் பயிற்சி

சங்கரன்கோயிலுக்கு அண்மையில் உள்ளது எங்கள் ஊராகிய கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரைத் தமிழ் பயிலும் மாணவர்கள் மற்றொரு காரணத்தாலும் அறிவார்கள். சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர், பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்த ஏடுகள் இங்கே இருந்தன என்று கேள்வியுற்று, ஆவலோடு வந்தார். அவருக்குக் கிடைத்தவை ஏடுகள் அல்ல. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டார்கள் என்னும் செய்திதான் கிடைத்தது.

அவ்வாறு செய்தவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். சாத்திரப்படி நல்லதே செய்ததாக அவர்கள் நம்பினார்கள். சிதைந்த ஏட்டையும் பொறுமையோடு படித்துப் பொருள் காணும் பயிற்சி உடையவர் அங்கே இல்லை, அதுவே குறை. மழலையர் வகுப்பிலும் இத்தகைய இழப்பு நேர்வதுண்டு. குழந்தையைப் படித்தறியும் பயிற்சி ஆசிரியர்க்கு இல்லையாயின், நல்லெண்ணம் இருந்தும் ஒரு குழந்தையை நாம் இழந்துவிடுவோம். இதனை நான் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன்.

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த தொடக்கக் காலத்தில், முதல் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கேட்ட கேள்விக்கு விடை சொல்லமாட்டான். சில வேளை வேறு எதையோ சொல்லுவான். மற்றவர்கள் 'அ' எழுதும்போது அவன் அடுத்த பையனுடைய பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மந்த புத்தி என்று முடிவு செய்து, அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். இரண்டாம் ஆண்டில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் தாயாரை வழியில் கண்டு காரணம் கேட்டேன். "சின்னப் பிள்ளையிலிருந்தே அவனுக்குக் காதிலே சீழ் வடியும் ஐயா. கிட்ட நின்று சொன்னால்தான் கேட்கும். நீங்கள் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை என்று அழுகிறான்" என்றார் அந்த அம்மையார். கேளாத பிள்ளையைக் கரும்பலகைக்கும் என் குரலுக்கும் எட்டாத இடத்தில் வைத்தவன் நானே. மீண்டும் அழைத்து வர முயன்றேன், அவன் வரவில்லை.

நான் பயிற்சி பெறாதவன் அல்லன். ஆனால், நான் பெற்ற பயிற்சியில் தமிழும் கணக்கும் கற்பிக்கும் முறை ஒரு பாடம். குறையுள்ள குழந்தைகளைப் பற்றிய செய்தி எங்கோ ஒரு மூலையில் வேறொரு பாடம். இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உண்மையில் இவை இரண்டல்ல, ஒன்றே என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

கல்வி வரலாறே இதற்குச் சான்று. இத்தாலி நாட்டு மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1900-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றியவர் எனப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியில் பணியாற்றினார். இட்டார், செகான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் வகுத்த வழிகளை ஆராய்ந்து, கையால் தொட்டும் கண்ணால் கண்டும் கற்கும் கருவிகளை அமைத்தார். கற்கவே இயலாதவர் எனப்பட்ட குழந்தைகள் எழுதவும் படிக்கவும் கற்றார்கள். "இவர்களுக்கு இவ்வளவு பயன் தரும் முறை மற்றக் குழந்தைகளுக்கு எவ்வளவு பயன் தரும்!" என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், அந்நகரின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' பிறந்தது. இன்று உலகெங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் அம்முறை, ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து தோன்றியது என்பதை நாம் மறக்கலாகாது.

அவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் குழந்தைகளோடு பணி செய்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவது அவர் முறை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழகியதும் அதற்கு அயலான வழி அன்று. கண், காது, கை ஆகிய மூன்று வாயில்களும் திறந்திருந்தால், ஒன்று அடைபட்ட குழந்தையும் மற்றொன்றின் வழியே உள்ளே வந்துவிடும்.

இனி, எழுத்தும் எண்ணும் கற்பிப்பதில் இதன் பயனைப் பார்ப்போம். 'கெ' என்னும் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். முதலில் கேட்பது 'க்' என்னும் மெய். பின்பு கேட்பது 'எ' என்னும் உயிர். எழுதும்போதோ உயிரின் அடையாளமாகிய ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் அடையாளம் இருபுறமும் நிற்கிறது. 'கௌ' என்பதன் இறுதிக் குறியோ 'ள' போலவே தோன்றுகிறது. நமக்குப் பழகிப்போன இச்சிக்கல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரிய புதிர். எழுத்துகளை வரிசை மாற்றிக் காணும் இயல்புள்ள குழந்தைக்கு இன்னும் பெரிய புதிர். கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையில் எழுதி, கையால் நகர்த்திச் சேர்க்கச் செய்தால் புதிர் அவிழும்.

ல, ள, ழ ஆகியவற்றைக் கரும்பலகையை நோக்கி நின்றுகொண்டே சொல்லும் ஆசிரியர், தம் வாயைக் குழந்தைகளிடமிருந்து மறைத்துவிடுகிறார். திரும்பி நின்று, நா செல்லும் இடம் தெரியுமாறு சொன்னால், செவிப்புலன் குறைந்த குழந்தை பயன் பெறும். மற்றக் குழந்தைகளின் உச்சரிப்பும் உடன் திருந்தும்.

கணக்கிலும் அப்படியே. எழுபது, எண்பது என்று எண்ணி வரும் குழந்தை, அடுத்துத் 'தொண்ணூறு' என்று கேட்கிறது. அதில் 'நூறு' என்னும் ஒலி இருக்கிறது. தொண்ணூற்று இரண்டு எழுதச் சொன்னால் 102 என்று எழுதிய குழந்தைகளை நான் கண்டிருக்கிறேன். அது கவனக்குறைவு அன்று. காதில் விழுந்ததை உண்மையாகவே எழுதுகிறது குழந்தை. ஒன்பதில் 'பத்து' ஒலிப்பதும், தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிப்பதும் இதே போன்றவை. இதனை அறிந்த ஆசிரியர் அடிக்கமாட்டார். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒன்பது கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுப்பார். பார்வையற்ற குழந்தை அதனைத் தொட்டு அறியும். மெதுவாகக் கற்கும் குழந்தை ஒவ்வொன்றாய் எண்ணித் தெளியும். விரைந்து கற்கும் குழந்தை அதே கட்டை அவிழ்த்துக் கழித்தல் கணக்குப் போடும். கருவி ஒன்று, வகுப்பு ஒன்று, நடைதான் வேறு. உள்ளடங்கிய கல்வி என்று இந்நாளில் வழங்குவது இதுவே.

எங்கள் தென்காசி மாவட்டத்தில், ஆய்க்குடி என்னும் ஊரில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வில் 1975-ஆம் ஆண்டு கழுத்தெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். அவர் 1981-ஆம் ஆண்டில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். சிறிய அளவில் பிள்ளைகளின் கல்வியோடு தொடங்கிய அப்பணி, இன்று கைக்குழந்தைப் பருவத்திலேயே வளர்ச்சித் தடையைக் கண்டறிந்து உதவுவதாகவும், சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிப்பதாகவும் விரிந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தம் கையால் எழுதுகோலைப் பற்ற இயலாத ஒருவர் பிறர் பிள்ளைகளின் எழுத்துக்கு வழி செய்தார் என்றால், 'இக்குழந்தையால் முடியாது' என்று சொல்ல நமக்கு ஏது உரிமை?

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, உள்ளடங்கிய கல்வியையும் அதற்கான ஆசிரியர் பயிற்சியையும் அரசின் கடமையாக்கியது. 1975-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் தோன்றின. தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வகுத்து, அவரவர் நிலையிலிருந்தே கற்பிக்க வழி செய்தது. நல்ல ஏற்பாடு. ஆயினும் அரும்பு என்பது இன்று நிற்கும் இடத்தின் பெயரேயன்றி, குழந்தையின் பெயர் அன்று. அதனை மறந்தால் என் பழைய கடைசி வரிசை புதுப் பெயரோடு திரும்பி வந்துவிடும்.

சிறப்பாசிரியர் குறிப்பிட்ட நாள்களில் வந்து செல்பவர். வகுப்பாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளருமே நாள்தோறும் உடனிருப்பவர்கள். ஆகையால் அவர்களுக்கு உரிய பயிற்சியில் மூன்று செயல்கள் இடம்பெற வேண்டும். முதலாவது, பாடம் நடத்தாமல் ஒரு குழந்தையைப் பல நாள் உற்று நோக்கிக் குறிப்பெழுதுதல். எந்தப் பக்கம் தலை சாய்க்கிறது, எவ்வளவு அருகில் புத்தகத்தைப் பிடிக்கிறது, எந்த விளையாட்டை விட்டு விலகுகிறது என்பவையெல்லாம் அதில் அடங்கும். இரண்டாவது, ஒரே பாடத்தை மூன்று வழிகளில் நடத்திப் பழகுதல். மூன்றாவது, தாயாரிடம் கேட்டறிதல். அச்சிறுவனின் தாயாரிடம் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவனுக்குப் பள்ளி நிலைத்திருக்கும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் தாய் தந்தையர் ஆவீர்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் வகுப்பிலேயே கடைசி வரிசையில் பேசாமல் ஒருவர் அமர்ந்திருக்கலாம். நாளைக் காலை அவர் அருகில் போய் உட்காருங்கள். அவருக்குக் கேட்கிறதா, தெரிகிறதா என்று அன்போடு கேளுங்கள். எரிந்துபோன ஏட்டை இனி எவராலும் மீட்க இயலாது. நம் கண்முன் இருக்கும் ஏட்டைப் படித்தறிவது நம்மால் இயலும்.