வண்டிக்கேற்ற எண்ணெய் எது?

“எண்ணெய் என்றால் எண்ணெய்தானே! அதில் தெரிந்தெடுக்க என்ன இருக்கிறது?” என்று கேட்போர் நம்மிடையே பலர். நம் இல்லத்தரசிகள் இவ்வினாவைக் கேட்கமாட்டார்கள். தாளிக்க ஓர் எண்ணெய், தலைக்கு ஓர் எண்ணெய், விளக்குக்கு ஓர் எண்ணெய் என்று வகுத்து வைத்திருப்பவர்கள் அவர்கள். அடுக்களையில் வழங்கும் அந்த அறிவை மோட்டார் சைக்கிளுக்கும் பயன்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரவணையிலே மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவருக்கும், ஊர்காவற்றுறையில் அலுவலுள்ளவருக்கும் அதுவே கால். நோயாளியை அவசரமாக ஏற்றிச் செல்வதும் பல வேளைகளில் அதுதான். அத்தகைய வண்டியின் இயந்திரம் பழுதுற்றால், அதைக் கழற்றிப் பூட்டும் செலவு ஏழைக் குடும்பமொன்றின் பல மாத வருவாயை விழுங்கிவிடும். ஆகவே ஒரு லீற்றர் எண்ணெயை வாங்குமுன் சற்றே சிந்திப்பது வீண்வேலையாகாது.

முதலில் எண்ணெயின் பணியை அறிவோம். இரும்போடு இரும்பு உராயாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது அதன் தலையாய தொழில். வெப்பத்தை ஏந்திச் செல்வதும், கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் வாங்கிக்கொள்வதும் பிற தொழில்கள். காரில் இயந்திரத்துக்கும் கியர்ப்பெட்டிக்கும் வெவ்வேறு எண்ணெய்கள் உண்டு. நம்மூரில் ஓடும் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களிலோ பெரும்பாலும் இயந்திரம், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. காருக்கு நல்லது மோட்டார் சைக்கிளுக்கும் நல்லதாகும் என்று கொள்ளலாகாமைக்கு இதுவே காரணம்.

எண்ணெய்ப் படலம் நீர்த்துப்போனால் விளைவது யாது? இதனை நம் மக்கள் துன்பத்தின் வழியே கற்றனர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, தீவகத்தினின்றும் இடம்பெயர்ந்து குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் உட்படப் பலரும் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை இயக்கிவிட்டு, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வண்டி ஓடியது, வாழ்வும் ஓடியது. ஆயின், முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் பக்கமாகக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உலோகத்தைக் காப்பதில்லை. தேய்வு விரைந்து வரும். அந்நாள்களில் கையாண்டது தேவையின் கொடுமை. இன்று பொருத்தமற்ற எண்ணெயை ஊற்றி அதே கேட்டை நாமே வருவித்துக்கொள்ளலாமா?

எண்ணெயின் தடிப்பைக் குறிக்கவே போத்தலின்மேல் ‘20 டபிள்யூ 40’, ‘10 டபிள்யூ 30’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911ஆம் ஆண்டு தொடங்கிவைத்த அளவுமுறையின் வளர்ச்சி இது. முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை வெப்பத்தில் அதற்கு எவ்வளவு தடிப்பு இருக்கும் என்பதையும் காட்டும். பனி உறையும் நாட்டாருக்கு முதலெண் பெரிது. வெயிலில் காயும் தீவகத்தாருக்கு இரண்டாமெண்ணே கவனத்துக்குரியது. எனினும், “தடிப்பு மிகுந்தால் பாதுகாப்பு மிகும்” என்று எண்ணி வேண்டியதற்கு மேல் தடித்ததை ஊற்றுவதும் பிழை. நுண்ணிய இடைவெளிகளோடு அமைக்கப்பட்ட புதிய இயந்திரங்களில் தடித்த எண்ணெய் உரிய வேகத்தில் ஓடாது. பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும்.

அடுத்துத் தேடவேண்டியது ‘ஜாசோ’ என்னும் ஜப்பானியத் தரக்குறி. நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எண்ணெய்களுக்கென 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை அது. ‘எம்.ஏ.’ என்று தொடங்கும் குறியுள்ள எண்ணெய், கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும் வண்டிக்குரியது. ‘எம்.பி.’ என்பது உராய்வு குறைந்தது. கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்திருக்கும். அவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இயந்திரம் உறுமும், வண்டி நகராது. இரண்டு வீச்சு வண்டியின் எண்ணெயோ முற்றிலும் வேறு. அது பெற்றோலோடு சேர்ந்து எரிந்துபோவதற்கென்றே செய்யப்பட்டது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றலாகாது.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வண்டியோடு வந்த கைந்நூலில் எந்தத் தடிப்பு, எந்தத் தரம், எவ்வளவு கொள்ளளவு என்பன எழுதப்பட்டிருக்கும். அக்கைந்நூலே முதல் ஆசான். கடைக்காரரின் புகழ்ச்சியும் விலையின் உயர்வும் அதற்குப் பின்னரே. குறித்த தரத்தைக் கொண்ட சாதாரண எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுபவர், விலையுயர்ந்ததை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவரினும் அறிவாளி. மூடியின் முத்திரை உடையாதிருப்பதைப் பார்த்து வாங்குவதும் நன்று.

எண்ணெய் கறுத்தவுடன் கெட்டுவிட்டதென்று அஞ்சவேண்டாம். அழுக்கைத் தன்னுள் ஏற்பது அதன் கடமை. பால்போல வெளுத்தாலோ நீர் கலந்திருக்கிறதென்று அறிக. வீட்டிலிருந்து சந்தைவரை மட்டும் ஓடும் வண்டியின் இயந்திரம் போதிய சூடேறாமையால், உள்ளே தோன்றும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதில்லை. ஆதலால் குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீற்றர்க் கணக்கு மட்டும் போதாது. கைந்நூல் கூறும் மாதக் கணக்கையும் பார்த்து எண்ணெய் மாற்றவேண்டும்.

மாற்றிய பழைய எண்ணெயை என் செய்வது? வேலியோரத்தில் ஊற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நம் தீவின் அடியிலுள்ளது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே கிணற்று நீரைத் தேடிச் செல்லும். நல்ல தண்ணீர்க் கிணறு அரிதாயுள்ள இடத்தில் இது சிறு குற்றமன்று. சுன்னாகத்தில் அனல் மின்னிலையத்தின் கழிவெண்ணெயால் கிணறுகள் மாசுற்றதையும், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்ததையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பணம் கொடுக்கலாம், கெட்ட கிணற்றை எளிதில் மீட்க முடியாது. ஆகவே பழைய எண்ணெயைப் போத்தலில் அடைத்து, அதனைச் சேகரிக்கும் கராஜில் ஒப்படைத்தலே முறை.

வண்டிக்கு உகந்த எண்ணெயைத் தெரிந்தெடுப்பது உடையவரின் நன்மைக்கு. கழித்த எண்ணெயைக் கிணற்றடிக்குச் செல்லாமற் காப்பது ஊரின் நன்மைக்கு. இவ்விரண்டையும் ஒரே கடமையாகக் கொள்வோமாக.