மக்கள் வாக்கும் மதுக்கடையும்

உள்ளாட்சித் தேர்தலில் அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். வாக்களிக்க வாராதோரை எவரும் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் ஒரு பிரச்சினையை மக்களே தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் விதி வேறாக இருக்கலாம். மகாராஷ்டிர அரசு 2008ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை இதற்கு நல்ல உதாரணமாகும்.

கிராமத்திலோ நகராட்சி வார்டிலோ மதுக்கடையை மூட விரும்பினால், பட்டியலிலுள்ள பெண் வாக்காளரில் 25 சதவீதத்தினர் கையொப்பமிட்டு மனுச் செய்யலாம் என அவ்வாணை வகுத்தது. கையொப்பங்களைச் சரிபார்த்தபின் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். நிற்கும் புட்டிச் சின்னம், கடை இருக்கட்டும் என்பதைக் குறிக்கும். படுத்த புட்டி, மூடுக என்பதைக் குறிக்கும். எழுத்தறியாதவரும் ஐயமின்றி வாக்களிக்கலாம்.

வந்து வாக்களித்தோரில் பாதிப்பேர் போதாது; பட்டியலிலுள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோர் மூடுக எனல் வேண்டும். 1,000 பெண்கள் உள்ள ஊரில் 600 பேர் வந்து, அவர்களுள் 490 பேர் மூடச் சொன்னாலும் கடை மூடப்படாது. வாராத 400 பேரின் மௌனம் கடைக்கே சாதகமாகிறது. இறந்தோர், ஊரைவிட்டுச் சென்றோர் பெயர்கள் பட்டியலில் நீடித்தால், எட்டவேண்டிய எண்ணிக்கையும் உயரும்.

ஆகவே, எந்த வாக்கெடுப்பாயினும் பாதி என்பது எதில் பாதி என்று நாம் முதலில் கேட்டறிதல் வேண்டும். பட்டியலைத் திருத்துவதும், ஒவ்வொரு வீட்டாரையும் வாக்குச் சாவடிக்கு வரச் செய்வதும் அதன்பின் ஆற்றவேண்டிய பணிகளாகும்.