அசையாத கப்பியும் அவசரச் சுத்தியலும்

“அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மிக்கு அது பொருந்தலாம். மோட்டார் வண்டியின் கிராங் கப்பிக்குப் பொருந்தாது. அங்கே அடிமேல் அடி விழுந்தால், கப்பி நகருமுன்னரே இயந்திரம் பழுதாகிவிடும்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டே கிராங் தண்டு. அதன் முன்முனையிற் பூட்டப்பட்டிருக்கும் சில்லுத்தான் கிராங் கப்பி. விசிறியையும் டைனமோவையும் பட்டியினாற் சுழற்றுவது அதுவே. அதற்குப் பின்னாலுள்ள சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும், டைமிங் சங்கிலியை மாற்ற நேர்ந்தாலும், முதலிற் கழற்ற வேண்டியது இக்கப்பியையே.

நம் நாட்டவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் இலங்கையிற் பலர் அதை இன்றும் பேணி ஓட்டுகின்றனர். 1990களிற் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதான யாழ்ப்பாணத்திலே, பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. இத்தகைய பழைய வண்டியில் ஒரு கிராங் தண்டைக் கெடுப்பது வண்டியையே இழப்பதற்கு ஒப்பாகலாம்.

இறுகுவது ஏன்?

கப்பியின் நடுப்பகுதியாகிய குடம், தண்டின்மீது மயிரிழை இடைவெளியும் இன்றிப் பொருந்தியிருக்கும். அது வழுக்காதபடி பிறைவடிவச் சாவியொன்று இரண்டையும் பிணைக்கின்றது. ஆண்டுக்கணக்கில் ஈரமும் அழுக்கும் உட்புகுந்து துருப்பிடிக்கவே, இரண்டும் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன.

கழற்றும் முறை

முதலிற் பற்றறியின் இணைப்பை நீக்குக. இயந்திரம் ஆறியபின் றேடியேற்றரையும் பட்டியையும் அகற்றுக. மைனரின் கப்பி போல்ற்றின் கீழே பூட்டுத் தகடு ஒன்றுண்டு. மடிந்திருக்கும் அதன் விளிம்பை நிமிர்த்தாமல் ஸ்பனரைப் போடுவது வீண்முயற்சி.

போல்ற்றைத் திருப்பும்போது இயந்திரமும் கூடவே சுழலும். அதைத் தடுக்க, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உச்சக் கியரிற் போட்டுப் பிறேக்கை அழுத்திப் பிடிக்க ஒருவரை இருத்துக. முதற் கியரைவிட உச்சக் கியரிலேயே பிறேக்கின் பிடி இயந்திரத்தை நன்கு தடுக்கும். பின்னர் முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புக.

மாணவர்கள் இங்கே நெம்புகோலின் தத்துவத்தைக் காணலாம். ஓரடி நீளப் பிடியிற் கொடுக்கும் அதே விசையை மூன்றடி நீளக் குழாயின் முனையிற் கொடுத்தால், திருப்பும் வலிமை மும்மடங்காகும்.

போல்ற் கழன்ற பின்னரும் கப்பி அசையாதாயின், துரு இளக்கும் எண்ணெயை விளிம்பிற் சொட்டுச் சொட்டாய் விட்டு ஓரிரவு பொறுத்திருங்கள். மறுநாள் ‘புல்லர்’ என்னும் இழுகருவியின் கால்களைக் குடத்தை ஒட்டிக் கொளுவி, தண்டின் துளைவாயில் உலோக வில்லையொன்றை வைத்து, நடுத்திருகைச் சிறிது சிறிதாக இறுக்குக. வில்லை இல்லாவிடில் திருகின் முனை உள்மரைகளை அழித்துவிடும். இழுவிசை தண்டின் நேர்கோட்டில் அமைவதால், எப்பக்கமும் சாயாமற் கப்பி வெளிவரும்.

செய்யத் தகாதவை

கப்பியின் விளிம்பிற் சுத்தியலால் அடிப்பதும், பின்னால் இரும்புக் கோலைச் செருகி நெம்புவதும் ஆகா. முன்னதாற் கப்பி கோணும். பின்னதால் மெல்லிய தகட்டாலான டைமிங் மூடி வளைந்து எண்ணெய்க் கசிவு உண்டாகும். தீயாற் சூடேற்றினாற் குடம் விரிவது மெய்யே. ஆனால் அருகிலுள்ள சீலும் கருகிவிடும். பிற்கால வண்டிகள் பலவற்றிற் குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே றப்பர் இருப்பதால், அங்கே தீயும் விளிம்பைப் பற்றி இழுத்தலும் இரட்டிப்புக் கேடு. ஸ்பனரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்ராட்டரைத் தட்டும் வழக்கமும் சிலரிடம் உண்டு. ஸ்பனர் தெறித்தால் முகமோ கையோ சிதையும்.

மீளப் பூட்டுமுன் துருவைத் துடைத்து, தண்டிற் சிறிது எண்ணெய் தடவி, புதிய பூட்டுத் தகடு இடுக. அடுத்த முறை அதைக் கழற்றுபவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம். அவர் உங்களை வாழ்த்துவார்.