கணினியின் உள்ளிழைகளும் நிலையறிவிப்பின் மெய்ம்மையும்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் ஒரு நீர்மின் நிலையம் உளது. கண்டியை அடுத்த பொல்கொல்லையிலே மகாவலி கங்கை தடுக்கப்பெற்று, அதன் நீரில் ஒரு பகுதி ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியே ஈண்டுக் கொணரப்படுகின்றது. 1976ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிய இந்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றியபின், அந்நீர் சுது கங்கை வழியாக அம்பன் கங்கையை அடைகின்றது. பொல்கொல்லையில் வாயில் திறக்கப்பட்டதென ஏட்டில் எழுதியிருத்தல் ஒரு செய்தி. உக்குவளையில் நீர் வந்துகொண்டிருத்தல் வேறொரு செய்தி. முன்னையது ஆணையைப் பற்றியது. பின்னையது நிகழ்வைப் பற்றியது. இடையே சுரங்கத்தில் தடையொன்று நேருமாயின் நீர் நின்றுபோகும். ஏட்டிலுள்ள எழுத்தோ மாறாது.

கணினியினுள்ளும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் தீங்கு பெரிது. பணிசெயல் முறைமையில் வன்பொருளோடு நேரே தொடர்புகொள்ளும் நடுப்பகுதி கெர்னல் எனப்படும். பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் இவ்வகையினது. பயன்படுத்துவோர் கண்ணிற் படாது இதனுள்ளே ஓயாது தொழில்புரியும் செயற்கோவைகள் பல உள. அவை இழைகள் என்று வழங்கும். நினைவகத்தில் இடம் குறையுங்கால் அதனை மீட்டுக் கொடுப்பது ஓர் இழை. இரு வட்டுகளில் உள்ள படிகள் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்ப்பது மற்றோர் இழை.

இழை ஓடுகின்றதா என வினவின், விடையிறுப்பது பல வேளைகளில் இழையன்று. அதனைத் தொடக்கிய நிரல் எழுதிவைத்த குறிப்பேயாம். தொடக்கும்போது ‘ஓடுகிறது’ என எழுதி, நிறுத்தும்போது அதனை அழிப்பது அந்நிரலின் வழக்கம். கட்டளைக்கு அடங்கி நிற்கும் இழைக்கு இது போதும். வட்டிற் பிழை கண்டோ, தன்னுள்ளே தவறு நேர்ந்தோ, இழை தானாகவே முடிந்துவிடின் குறிப்பை அழிப்பார் எவர்? ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவுகள் இரு வட்டுகளில் இருப்பதாகக் கொள்வோம். சரிபார்க்கும் இழை மூன்றிலொரு பங்கில் நின்றுவிட்டது. அறிவிப்போ ‘நடைபெறுகிறது’ என்றே கூறுகின்றது. பொறுப்பாளர் கவலையற்றிருப்பார். முதல் வட்டுப் பழுதாகும் நாளிலேதான் மற்றைய படியின் குறை வெளிப்படும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28ஆம் நாள் நிகழ்ந்ததும் இத்தகையதே. அழுத்தந் தணிக்கும் அடைப்பிதழ் மூடாது சிக்கிக்கொண்டது. ஆனால் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. அவ்விளக்கு அடைப்பிதழின் நிலையைக் காட்டுவதன்று. அதனை இயக்கும் மின்னோட்டத்தையே காட்டுவது. விளக்கு அணைந்ததால் அடைப்பிதழ் மூடிற்றென இயக்குநர் எண்ணினர். இரண்டு மணி நேரத்திற்கு மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. அணுவுலையின் கருப்பகுதி ஓரளவு உருகியது. அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. விளக்கை அமைத்த முறையே பிழையானது.

கெர்னலில் இதற்குரிய பரிகாரம் யாது? இழை எவ்வழியால் முடியினும் ஒரே வாயிலால் வெளியேறுமாறு நிரலை அமைத்தல் வேண்டும். அவ்வாயிலிலே, பூட்டின் பாதுகாப்புடன், ‘நின்றது’ என்பதனையும் நின்ற காரணத்தையும் இழையே எழுதிச் செல்லல் வேண்டும். கட்டளையால் நின்றதும் பிழையால் நின்றதும் வெவ்வேறு நிலைகளாகவே காட்டப்படுதல் தகும். தொடக்கத்திலும் ஓர் இடர் உண்டு. லினக்ஸில் இழையை உருவாக்க இயலாதபோது கிடைக்கும் விடை வெறுமையன்று. பிழையெண்ணைத் தாங்கிய ஒரு முகவரி. அதனைச் சோதியாது சேமித்து வைத்தால், பிறவாத இழையும் ஓடுவதாகவே தோன்றும்.

இன்னுமொன்று: தானே முடிந்த இழையைப் பின்னர் எவரேனும் ‘நில்’ எனப் பணிப்பாராயின், அவ்விழையின் பதிவேடு ஏற்கெனவே விடுவிக்கப்பட்டு அவ்விடம் பிறிதொன்றுக்கு உரியதாகியிருத்தல் கூடும், கெர்னல் முழுவதுமே நிலைகுலைய இது ஏதுவாகும். ஆதலின் நிறுத்தும் பொறுப்புடைய பகுதி, இழை முடிந்த பின்னரும் அப்பதிவேட்டின்மீது ஒரு பிடியை வைத்திருத்தல் அவசியம்.

எனினும் கொடிய பிழை நேர்ந்து கெர்னலே இழையைக் கொன்றுவிடின், ஒழுங்கான வாயிலை அது அடைவதில்லை. அது பிடித்திருந்த பூட்டுகளும் திறவாமலே கிடக்கும். வழக்கமாக 120 விநாடிகள் அசையாதிருக்கும் இழைகளைத் தேடி அறிவிக்கும் காவலிழை ஒன்று லினக்ஸில் உண்டு. ஆயினும் அது உள்ள இழைகளையே சுற்றிப் பார்க்கும். இறந்த இழை பட்டியலிலேயே இராதாகையால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். இதன் பொருட்டே, ஒவ்வொரு சுற்றிலும் இழை தன் கையால் நேரத்தைப் பதிய, அந்நேரம் பழமைப்பட்டதா எனப் பிறரொருவர் நோக்கும் ஏற்பாடு விரும்பப்படுகின்றது.

பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையில் வட்டினைச் சரிபார்க்கும் கட்டளை, தன் நிலையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கணினி இடையில் அணைந்துவிடின் அக்கோப்பு ‘ஓடுகிறது’ என்றே சொல்லிக்கொண்டிருத்தல் கூடும். அதனை நம்பிப் புதிய சரிபார்ப்புக்கு இடமளியாது மறுத்தலும் உண்டு. அக்கட்டளையின் கையேட்டிலே, ஓடாததை ஓடுவதாக அக்கோப்புக் காட்டும்போது வலிந்து தொடங்குதற்கென ஒரு தெரிவு தனியாக வகுக்கப்பட்டிருக்கின்றது.