லாடம் நீக்கிய எருதின் குளம்பைப் பேணல்

கண்டியையும் கொழும்பையும் இணைக்கும் பெருந்தெரு 1820 ஆம் ஆண்டுகளில், தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் காலத்தில் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் மலைநாட்டின் ஒற்றையடிப் பாதைகளிற் பொருள்களைச் சுமந்தவை தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களாகும். தெரு அமைந்த பின்னர், கடுகண்ணாவை வழியாகக் கோப்பி மூடைகளைத் துறைமுகத்துக்கு இறக்கியவை மாட்டு வண்டில்கள். 1867 இல் புகையிரதம் கண்டியை அடையும் வரை இவ்வேலை பெரும்பாலும் எருதின் தோளிலேயே தங்கியிருந்தது.

கல் பரப்பிய தெருவில் நாள்தோறும் பாரம் இழுக்கும் எருதின் குளம்பு, வளர்வதிலும் விரைவாகத் தேயும். இதனைத் தடுப்பதற்கே இரும்பு லாடம் அடிக்கும் வழக்கம் உண்டாயிற்று. சேற்றில் உழுது, களத்திற் சூடு மிதித்த எருமைக்கோ லாடம் தேவைப்படவில்லை.

இன்று பாரம் ஏற்றும் வேலையை லொறியும், உழவின் பெரும்பகுதியை உழவுயந்திரமும் ஏற்றுக்கொண்டன. எனினும் யந்திரம் இறங்கவியலாத படிக்கட்டு வயல்களிலும், எரு வேண்டி மாடு வளர்க்கும் மரக்கறித் தோட்டங்களிலும் எருதுக்கு இடமுண்டு. தெருவை விட்டு வயலுக்கு வந்த அத்தகைய எருதுக்கு லாடம் வேண்டியதில்லை எனக் கமக்காரர் கருதுவது சரியே. ஆனால் அதனை நீக்கும் முறையிலேயே தவறு நேர்கின்றது.

ஒரு கமக்காரர் காலையில் லாடத்தைக் கழற்றி, அன்று மாலையே எருதைச் சரளைக்கல் தெருவில் எரு ஏற்றிய வண்டிலுடன் நடத்துகின்றார் என வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் எருது நொண்டும், பின்னர் படுத்துவிடும். வயலிற் சேறடிக்க வேண்டிய நாட்கள் கைவிட்டுப் போகும். இந்நட்டம் தவிர்க்கக்கூடியதாகும்.

குளம்பின் இயல்பு

குளம்பு நமது நகத்தை ஒத்தது. உள்ளே எலும்பும் உயிருள்ள தசையும் உள்ளன. வெளியே உணர்ச்சியற்ற கொம்புப்பொருள் அவற்றை மூடியுள்ளது. மயிர் முடியும் விளிம்பிலிருந்து அது கீழ்நோக்கி வளர்கின்றது. மாட்டின் குளம்பு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வளரும். குதிரையின் குளம்பு சற்று விரைவாக, 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். ஆகவே நுனிவரை புதுக்குளம்பு இறங்குவதற்கு ஓராண்டளவு செல்லும். குதிரையின் குளம்பு ஒற்றையாகையால் காலுக்கு ஒரு லாடம். மாட்டின் குளம்பு பிளவுபட்டதாகையால் காலுக்கு இரு துண்டுகள்.

வளர்ச்சியை வரவு எனவும் தேய்வைச் செலவு எனவும் கொள்ளலாம். இரண்டும் ஒத்திருப்பின் குளம்பு நலமாயிருக்கும். லாடம் செலவை நிறுத்திவிடுகின்றது. எனவே குளம்பு மிகையாக நீளுமுன் அதனைக் கழற்றிச் சீவி மீண்டும் அடித்தல் வேண்டும். மேலும், இரும்பின் மறைவில் இருந்த அடிப்பாகம் தரையைத் தொட்டுப் பழகாதது. சுவரிலோ ஆணித் துளைகள் உள்ளன. லாடம் நீங்கியவுடன் செலவு ஒரே நாளிற் தொடங்குகின்றது. வரவோ மாதத்துக்கு 5 மில்லிமீற்றர் மாத்திரமே. காலம் கொடுத்தல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பிறவிடத்து அனுபவம்

லாடமின்றிக் குளம்பைப் பேணுவது புதிய கருத்தன்று. கி. மு. நான்காம் நூற்றாண்டிலே கிரேக்க நாட்டுச் செனபன் என்பார், குதிரை நிற்குமிடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பினால் அதன் குளம்பு உறுதிபெறும் என எழுதிவைத்தார். அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டுகளிற் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்த லாடத் தொழிலாளர் ஜெய்மி ஜாக்சன் 1992 இல் அதுபற்றி நூலொன்றை வெளியிட்டார். அதன் பின்னர் குதிரை வளர்ப்போர் பலர் லாடத்தை நீக்கிப் பழக்கலாயினர். அவர்கள் கண்ட முதற் பாடம் பொறுமையாகும்.

நமது நாட்டிலும் நெடுந்தீவிற் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளுக்கு லாடமில்லை. வறண்ட முருகைக்கல் நிலத்தில் நடப்பதாலேயே அவற்றின் குளம்பு தேய்ந்து ஒழுங்குபெறுகின்றது. கண்டிப் பகுதியின் நிலைமை வேறு. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது; வயலிலும் தொழுவத்திலும் ஈரம் மிகுதி. நீரில் ஊறிய குளம்பு மென்மையாகிக் கல்லில் விரைவாகத் தேயும். ஆகவே கண்டிக் கமக்காரருக்கு ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே தலையாய வேலையாகும்.

நீக்கும் காலமும் முறையும்

பெரும்போக அறுவடை முடிந்து, நெல்லேற்றும் வேலையும் தீர்ந்தபின் வரும் வறண்ட நாட்கள் இதற்கு ஏற்றவை. பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இத்தகைய நாட்கள் கிடைக்கும். அடைமழையில் லாடத்தை நீக்குதல் நன்றன்று.

இவ்வேலையை லாடம் அடிப்பதிற் தேர்ந்தவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். எருதைக் கயிறிட்டு வீழ்த்த நேரின் வயிறு நிறையத் தீன் போட்டவுடன் வீழ்த்தலாகாது. வைக்கோல் பரப்பிய மெத்தென்ற நிலத்தில் வீழ்த்தி, நெடுநேரம் கிடத்தாமல் எழுப்பிவிடல் வேண்டும். மடக்கிய ஆணி முனைகளை முதலில் நிமிர்த்தி அல்லது அராவி, ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டினாற் பிடுங்குக. லாடத்தை நெம்பிப் பெயர்த்தால் சுவர் பிளந்துவிடும்.

பிடுங்கிய ஆணிகளை எண்ணிப் பேணியொன்றில் இடுக. மாடு தீனை ஆராயாது விழுங்கும் இயல்புடையது. வைக்கோலுடன் உட்சென்ற ஆணி இரைப்பையைத் துளைத்து இதயம் வரை செல்லக்கூடும். அதனால் மாடு இறந்துபோதலும் உண்டு.

அதன்பின் சுவரின் கூரிய ஓரத்தை அரத்தினாற் சற்று உருட்டிவிடுக. இல்லையேல் ஓரம் சில்லுச் சில்லாக உடையும். அடிப்பாகத்தைச் சீவி மெலியச் செய்தலாகாது. பெருவிரலால் அழுத்தும்போது அடிப்பாகம் இணங்கினால் அது மெல்லியதென அறிந்து, அவ்வெருதைக் கல் நிலத்தில் விடாதிருத்தல் வேண்டும்.

முதல் மூன்று மாதங்கள்

ஆணித் துளை தரையிலிருந்து 1½ சென்றிமீற்றர் உயரத்தில் இருப்பின், அது வளர்ந்து கீழிறங்கி மறைவதற்கு மூன்று மாதம் செல்லும். அதுவரை எருதைப் பின்வருமாறு நடத்துக.

1. முதல் இரு வாரம் புற்றரையிலும் மண்வரம்பிலும் மாத்திரம் நடக்கவிடுக. பாரம் ஏற்றலாகாது.

2. பின்னர் இறுகிய மண்பாதையில் நாள்தோறும் சிறிது தூரம் நடத்துக. தயங்காமல் நடப்பின் தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டுக.

3. சேற்றில் வேலை செய்த நாளிற் குளம்பைக் கழுவி, பிளவினுள் அகப்பட்ட கல்லையும் குச்சியையும் நீக்கி, உலர்ந்த இடத்திற் கட்டுக. அன்று கல் தெருவில் நடத்தலாகாது.

4. தொழுவத்தில் மூத்திரமும் சாணமும் தேங்காதவாறு வாய்க்கால் அமைத்து, உலர்ந்த வைக்கோல் அல்லது சருகு பரப்புக. ஈரமான படுக்கையை அன்றன்று எருக்குழியிற் சேர்ப்பின் மரக்கறிப் பாத்திக்குப் பசளையும் கிடைக்கும்.

5. அரிசியையோ தவிட்டையோ திடீரென மிகுதியாகக் கொடுத்தலாகாது. இதனாலும் குளம்பினுள் அழற்சி உண்டாகும்.

கவனிக்க வேண்டிய குறிகள்

முதுகை வளைத்து நிற்றல், காலை மாற்றி மாற்றி வைத்தல், குளம்பில் அதிக சூடு, பிளவில் துர்நாற்றம் ஆகியன காணப்படின் வேலையை நிறுத்தி மிருக வைத்தியருக்கு அறிவிக்குக. பிளவு அழுகலுக்கு மயில்துத்தக் கரைசலில் குளம்பை நனைக்குமாறு அவர் கூறின், 10 லீற்றர் நீருக்கு 500 கிராம் கலந்து, உலோகமல்லாத பாத்திரத்திற் பயன்படுத்துக. மாடு அதனைக் குடிக்கவிடலாகாது. எஞ்சிய கரைசலை ஓடையிலோ வயல் வாய்க்காலிலோ ஊற்றுதல் தவறு. அதிலுள்ள செம்பு மீன்களைக் கொல்லும்.

குளம்புப் புண்ணுடன் வாயிலும் புண் கண்டு எச்சில் வடியுமாயின் அது லாடம் நீக்கியதனால் வந்ததன்று. அது கால் வாய் நோயாயிருக்கலாம். அம்மாட்டைத் தனியே கட்டி, உடனே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

எவ்வெருதுக்கு லாடம் வேண்டும்?

லாடமே தீது எனக் கொள்ளலாகாது. நாள்தோறும் தார்த் தெருவிற் பாரம் இழுக்கும் எருதுக்கு லாடம் இன்றியமையாதது. அதனை நீக்குதல் அவ்விலங்குக்குத் துன்பமேயாகும். பாதி நாள் தெருவிலும் பாதி நாள் வயலிலும் உழைக்கும் எருதையும் லாடத்துடன் வைத்திருத்தலே நன்று. முற்றாக வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்த எருதுக்கே மேற்கூறிய முறை பொருந்தும்.

ஐயம் உள்ளோர் தத்தம் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தை அணுகலாம். கண்டியை அடுத்து வாழ்வோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் அண்மையில் உள்ளது.

இரும்பைக் கழற்றுதல் ஒரு காலை நேரத்து வேலை. குளம்பை உறுதிப்படுத்துதல் ஒரு போகத்து வேலை. நாற்று வேரூன்றும் வரை காத்திருக்கும் கமக்காரருக்கு இப்பொறுமை புதியதன்று. அப்பொறுமையை எருதுக்கும் காட்டுவாராயின், அடுத்த போகத்திற் சேறடிக்கும் நாளில் அது தயங்காது வயலில் இறங்கும்.